தூண்டிற்கோலின் கதை

மீன் பிடித்தல் மாந்தர் குலத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. ஆனால், பிடித்த மீனை விற்கவேண்டிய தேவையும், அன்றே சமைத்து உண்ணவேண்டிய பசியும் இல்லாத ஒருவர், கையில் ஒரு கோலும் நூலும் ஏந்தி, பொழுது விடிந்தது முதல் பொழுது சாயும் வரை ஆற்றங்கரையில் நிற்பாராயின் அது தொழிலன்று, பொழுதுபோக்கு. வலைஞரின் வரலாறு அடிக்கடி பேசப்படுகின்றது. இந்தப் பொழுதுபோக்காளரின் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்கும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை உண்டு. அக்கதையினூடே, நம் காவிரியில் வாழ்ந்த ஒரு பெருமீனின் வாழ்வும் தாழ்வும் பின்னிக் கிடக்கின்றன. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூண்டில் என்னும் தமிழ்ச்சொல், தூண்டு என்னும் வினையடியாகப் பிறந்தது. மீனின் ஆசையைத் தூண்டுவது தூண்டில். அரபியில் தூண்டில் முள்ளுக்கு ‘ஷிஸ்ஸு’ என்று பெயர். கண்ணில் பட்ட எதனையும் விட்டுவையாத கைதேர்ந்த திருடனுக்கும் அரபி அகராதிகள் அதே சொல்லைத் தருகின்றன. ஒரு மொழி மீனின் பேராசையை நோக்கிற்று. மற்றொரு மொழி முள்ளின் கள்ளத்தனத்தை நோக்கிற்று. இரண்டும் உண்மையே.

ஆசிரியர் கேட்ட கேள்வி

நாம் அரபி மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த நாள்களில், வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் வாய்க்கால் கரைக்குச் செல்வோம். மூங்கிற் கழி, நூல், குண்டூசியை வளைத்துச் செய்த முள், மண்புழு, இவையே நம் கருவிகள். மாலையில் கெண்டைக் குஞ்சுகளும் கெளிற்றுக் குஞ்சுகளும் கரையில் காய்ந்து கிடக்கும். ஒருநாள் அவ்வழியே வந்த நம் உஸ்தாது அவர்கள் நின்று பார்த்து, “ஏன் தம்பி, இவை உண்பதற்கா, விளையாடுவதற்கா?” என்று கேட்டார்கள். விடை சொல்ல நம்மால் இயலவில்லை. உண்ணும் அளவுக்கு அவை பெரியனவாகவும் இல்லை. அவற்றை எடுத்துச் செல்லும் எண்ணமும் எமக்கு இல்லை.

பின்னாளில் நாமே மாணவர்க்கு வேட்டை பற்றிய பாடத்தை நடத்த நேர்ந்தபோது, அக்கேள்வியின் ஆழம் புரிந்தது. நீர்வாழ் உயிரைப் பிடித்து உண்பது ஆகுமானதே. ஆயினும், எந்தப் பயனும் கருதாமல் வெறும் கேளிக்கைக்காக ஓர் உயிரை மாய்ப்பதைச் சட்ட அறிஞர்கள் வெறுத்தே எழுதியுள்ளனர். அப்படியாயின், தூண்டிற் பொழுதுபோக்கின் வரலாறு முழுவதும் வீண் கொலையின் வரலாறுதானா? அவ்வாறு ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட முடியாது என்பதை ஏடுகளைப் புரட்டியபோது அறிந்தோம்.

பழைய ஏடுகள் கூறுவன

ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியக் கல்லறைச் சுவர்களிலேயே கோலும் நூலும் கொண்டு மீன் பிடிப்போரைக் காணலாம். கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மக்கெதோனிய நாட்டு ஆறு ஒன்றில் அவ்வூரார் கையாண்ட உபாயத்தைக் குறித்து வைத்துள்ளார். மீன் விரும்பி உண்ணும் ஈயைக் கையால் பிடித்தால் அதன் நிறமும் சிறகும் கெட்டுவிடும். ஆகவே அவர்கள் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடைக்கு அருகில் முளைக்கும் இறகு இரண்டைக் கட்டி, பொய் ஈ ஒன்றைச் செய்து நீரின்மேல் மிதக்கவிட்டனர். இன்று உலகெங்கும் செல்வர் பெரிதும் விரும்பும் ‘பொய் ஈத் தூண்டில்’ முறையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான செய்தி இதுவே.

நம் நாடும் பின்தங்கியிருக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழிப் பெருநூலை இயற்றினான். அரசர்க்குரிய பொழுதுபோக்குகளை விரிக்கும் அந்நூலில் ‘மத்ஸ்ய விநோதம்’ என்று தனிப் பகுதியே உண்டு. எந்த மீன் எவ்வகை நீரில் வாழும், எதற்கு எவ்விரை ஏற்றது, கோலும் நூலும் எத்தகையனவாய் இருத்தல் வேண்டும் என்பவற்றையெல்லாம் ஆங்கு காணலாம். மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951ஆம் ஆண்டில் அப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே, அதன் அருமையை மீனியல் உலகம் நன்கு உணர்ந்தது.

ஆங்கில மொழியில் இக்கலை பற்றிய முதல் அச்சு நூல் 1496ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னித்துறவி அதனை எழுதினார் என்பது வழிவழிச் செய்தி. ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. யார் எழுதியிருப்பினும், அந்நூலின் இறுதியில் காணப்படும் அறிவுரைகள் எண்ணிப் பார்க்கத்தக்கவை. பொருளீட்டும் ஆசையோடு தூண்டில் ஏந்தாதே. ஒரே வேளையில் அளவுக்கு மிஞ்சிப் பிடித்துப் பிறர்க்கில்லாமல் செய்யாதே. பிறர் வேலியை முறிக்காதே. திறந்த வாயிலை மூடிச் செல் என்பன அவற்றின் கருத்து. இக்கலையின் முதல் அச்சு நூலே அளவறிதலை வற்புறுத்தியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1653இல் ஐசக் வால்ட்டன் என்னும் இலண்டன் துணி வணிகர் எழுதிய தூண்டில் நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ அறுபது. உள்நாட்டுப் போர் நடந்து, அரசர் தலை துணிக்கப்பட்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அரசர் கட்சியைச் சார்ந்த அம்முதியவர், கலகம் மிக்க காலத்தில் மன அமைதியைத் தேடி ஆற்றங்கரைக்குச் சென்றார். 1676இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், அவருடைய இளைய நண்பர் சார்லஸ் காட்டன் பொய் ஈத் தூண்டில் பற்றி ஒரு பகுதி எழுதிச் சேர்த்தார். அந்நூல் இன்றளவும் அச்சில் உள்ளது. மீனைவிட அமைதியே பெரிதென்று கருதியவர் எழுதிய நூல் அது.

மூன்று நாட்டு மீன்கள்

ஒவ்வொரு நாட்டுத் தூண்டிற்காரரும் தம் நாட்டு மீன் ஒன்றை மன்னனாகக் கொண்டாடுவர். ஸ்காட்லாந்தினர்க்கு அது சால்மன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்தேறி வரும் மீன் அது. 1922 அக்டோபர் 7ஆம் நாள் மாலை, டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்னும் பெண்மணியின் தூண்டிலில் ஒரு சால்மன் சிக்கியது. தந்தையார் படகைச் செலுத்த, இரண்டு மணி நேரத்திற்கு மேல் போராடி, இருட்டிய பின் அதனைக் கரை சேர்த்தார். எடை 64 ராத்தல். ஒரு நூற்றாண்டு கடந்தும், பிரிட்டனில் தூண்டிலிற் பிடிபட்ட சால்மன் மீன்களுள் அதற்கு நிகரான ஒன்று பதிவாகவில்லை. அம்மீன் பெர்த் நகர மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டு, நோயாளிகளுக்கு உணவாயிற்று. நம் உஸ்தாது கேட்ட கேள்விக்கு அந்தப் பெண்மணியிடம் விடை இருந்தது.

கலிபோர்னியக் கடலோரத்தார்க்கு மன்னன் சூரை இனத்துப் பெருமீன். காத்தலீனாத் தீவின் கடலில் மிகுதியாகப் பிடித்து வீணாக்கும் வழக்கம் இருந்த காலத்தில், சார்லஸ் ஃபிரடெரிக் ஹோல்டர் என்பார் மெல்லிய கோலும் நூலும் கொண்டு 183 ராத்தல் எடையுள்ள சூரையை 1898இல் பிடித்தார். அவ்வாண்டிலேயே அங்கு ஒரு சங்கத்தை நிறுவினார். தடித்த கயிறு கூடாது, மெல்லிய நூலே வேண்டும். மீனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பது அச்சங்கத்தின் விதி.

இந்தியாவில் தூண்டிற்காரர் கொண்டாடிய மன்னன் மகசீர். பெருஞ்செதில்களும் பெருவாயும் உடைய கெண்டைக் குடும்பத்து மீன் இது. இதன் பெயர்க் காரணம் பற்றி அறிஞரிடையே பல கருத்துகள் உள. ‘மாஹி’ என்னும் பாரசீகச் சொல் மீனையும் ‘ஷேர்’ என்பது சிங்கத்தையும் குறிக்கும். ஆகவே ‘மீன்களுள் சிங்கம்’ என்பார் ஒரு சாரார். ‘மகா சிரம்’, அதாவது பெருந்தலை என்பார் மறு சாரார். எதுவாயினும், வேகமாகப் பாயும் நீரில் பாறைகளுக்கிடையே வாழும் இம்மீன், முள் பட்டவுடன் ஓடும் முதல் ஓட்டம் கைகளை அதிரவைக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சென்னை மாகாணத்து சிவில் அதிகாரியாய்ப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியத் தூண்டிற்கலை பற்றி 1873இல் வெளியிட்ட நூல், மகசீரைச் சால்மனுக்கும் மேலாக உயர்த்தியது. அவரே ஆறுகளில் நஞ்சு கலப்பதையும் சிறு கண்ணி வலைகளால் குஞ்சுகளை வாரி அழிப்பதையும் கண்டித்து அரசுக்கு எழுதியவர். ஆற்றில் வெடி வைப்பதையும் நஞ்சிடுவதையும் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் பிறந்தது. பொழுதுபோக்காளரின் குரலும் அதற்குத் துணை நின்றது.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழ்ந்த மகசீர், முதுகு திமில்போல் உயர்ந்தது. உலகிலேயே மிகப் பெரிதாக வளரும் மகசீர் அதுவே. 1919இல் மேஜர் ரிவெட் கார்னாக் காவிரியில் பிடித்தது 119 ராத்தல். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினி ஆற்றில் பிடித்தது 120 ராத்தல், அதாவது ஏறக்குறைய 54 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவரின் எடை!

காவிரிக்கு நேர்ந்தது

நாடு விடுதலை பெற்றபின் வெள்ளையர் சென்றனர். திமில் மகசீரும் மறக்கப்பட்டது. வெடி வைப்போர் மட்டும் அதனை மறக்கவில்லை. 1970களின் இறுதியில் ஆங்கிலேய இளைஞர் மூவர் மீண்டும் காவிரிக்கு வந்து பெருமீன்களைப் பிடித்துக் காட்டினர். அதன்பின் கருநாடகப் பகுதியில், பீமேசுவரி, காலிபோரே முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் அமைந்தன. வேகவைத்துப் பிசைந்த கேழ்வரகு மாவு உருண்டையே இரை. மீன் ஓடினால் பின்தொடரப் பரிசல். பிடித்த மீனை எடைபோட்டு, படம் எடுத்து, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது விதி. முன்னர் களவாக மீன் பிடித்தோர் சிலரே வழிகாட்டிகளாகவும் காவலராகவும் அமர்த்தப்பட்டனர். உயிரோடு இருக்கும் மீனுக்கு விலை உண்டென்று கண்டவுடன், அவர்களே அதன் பாதுகாவலராயினர்.

எனினும் ஒரு பெரும்பிழை நேர்ந்தது. ஆசைப்பட்ட மீனை வேண்டிய இடத்துக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் தூண்டிற்காரரிடம் பழையது. டிரவுட் மீனின் முட்டைகள் 1900இல் பிரிட்டனிலிருந்து காஷ்மீருக்கு வந்தன. 1907 வாக்கில் நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது. இலங்கையின் நுவரெலியாவுக்கு அதற்கும் முன்னரே டிரவுட் சென்றுவிட்டது. இதே மனப்போக்கில், மகசீரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு, மகாராட்டிரத்து லோணாவாலாப் பொரிப்பகத்தில் 1970கள் முதல் வளர்க்கப்பட்ட நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகள் பல ஆறுகளில் விடப்பட்டன. அவை காவிரியையும் அடைந்தன. எல்லா மகசீரும் ஒன்றே என்று எண்ணியதன் விளைவு அது.

இந்தப் பிழையை வெளிப்படுத்தியவை எவை தெரியுமா? அந்த முகாம்களில் தூண்டிற்காரர் எழுதி வைத்த குறிப்பேடுகளே. 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு அவற்றில் இருந்தது. ஆய்வாளர் அதனை 2015இல் வெளியிட்டனர். நீலத்துடுப்பு மீன் ஆண்டுதோறும் பெருகியதும், காவிரிக்கே உரிய திமில் மீன் அருகியதும் அதனால் வெளிப்பட்டன. அணைகளும் மணற்கொள்ளையும் வெடிகளும் ஒருபுறமிருக்க, அயல் மீனின் வரவும் அதன் அழிவுக்குக் காரணமாயிற்று என்பது அவர்களின் முடிவு.

வியப்பு இன்னும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் புகழ்பெற்றிருந்த இம்மீனுக்கு உறுதியான அறிவியற் பெயர் இருந்ததில்லை. கேரளத்தில் காவிரிப் படுகையைச் சேர்ந்த பாம்பாற்றில் கிடைத்து, 2007இல் மீனியல் அறிஞர் ரேமாதேவியின் பெயரால் விவரிக்கப்பட்ட சிறு மகசீரும், காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்பது 2018இல்தான் தெளிவாயிற்று. தமிழகக் காட்டினூடே ஓடும் மோயாற்றில் எஞ்சியிருந்த மீன்களே அதற்குச் சான்றாயின. பெயர் கிடைத்த அதே ஆண்டில், அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் உலகப் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி 2012 வாக்கில் சரணாலயப் பகுதியில் தூண்டில் முகாம்கள் நிறுத்தப்பட்டன. உயிரைத் துன்புறுத்தும் விளையாட்டு நின்றது நன்றே என்பார் உளர். கண்காணித்த கண்கள் அகன்றமையால் வெடி வைப்போர்க்கு வழி திறந்தது என்பாரும் உளர். இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. முள் பட்ட மீனுக்கு வலி இல்லையென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. அதேவேளை, அந்த முள்ளை ஏந்தியவர் எழுதிய கணக்கேடு இல்லையேல், திமில் மகசீர் யாருக்கும் தெரியாமலே மறைந்து போயிருக்கும் என்பதையும் மறுக்க இயலாது.

உண்பதற்கா, விளையாடுவதற்கா என்று நம் உஸ்தாது கேட்டார்கள். இவ்வரலாற்றைப் படித்தபின் மூன்றாவது விடை ஒன்றும் உண்டென்று தோன்றுகின்றது. அறிவதற்கும் காப்பதற்கும் தூண்டில் பயன்படுமாயின், அது வீண் விளையாட்டன்று. அந்த எண்ணம் இல்லாத தூண்டில், வாய்க்கால் கரையில் நாம் காயவிட்ட குஞ்சுகளுக்கே சமம். இன்று மோயாற்றில் எஞ்சியுள்ள திமில் மகசீர்களின் வாழ்வு, தூண்டில் ஏந்துவோரும் ஏந்தாதோரும் இவ்வேறுபாட்டை உணர்வதில் அடங்கியிருக்கின்றது.