பூட்டிய அறையிலிருந்து ஒரு டீச்சர்

1961-ம் வருடம். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து மனநல மருத்துவமனை ஒன்றில் 17 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பெயர் மார்ஷா லினஹன். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற பெண். 'ஸ்கிஸோஃப்ரீனியா' என்று டாக்டர்கள் முத்திரை குத்தினார்கள். மாத்திரை, ஷாக் சிகிச்சை... போதாக்குறைக்குத் தனியறை! ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கம்பி போட்ட சின்ன ஜன்னல். அவ்வளவுதான் உலகம். இந்த நரகத்திலிருந்து மீண்டால், மற்றவர்களையும் மீட்பேன் என்று அங்கேயே சபதம் செய்தாள்.

சினிமாவாக இருந்தால் ஒரே பாட்டில் சபதம் நிறைவேறிவிடும். இங்கே 30 வருடம் ஆனது! சியாட்டில் நகரில் மனநலப் பேராசிரியராகிவிட்ட மார்ஷா, தான் உருவாக்கிய டி.பி.டி. சிகிச்சையின் முதல் பரிசோதனை முடிவை 1991-ல் வெளியிட்டார். 'நீ இருக்கிறபடியே உன்னை ஏத்துக்கறேன். ஆனா, நீ மாறித்தான் ஆகணும்' - இதுதான் அதன் சாரம்.

ஆனால், எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது வேறு. இப்படிப்பட்டவர்களோடு தினமும் போராடும் தெரபிஸ்ட் என்ன ஆவார்? யோசித்துப் பாருங்கள். பயந்து போவார். சலித்துப் போவார். ஆகவே, தெரபிஸ்டுகள் வாராவாரம் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் பயத்தையும் தவறுகளையும் கொட்டித் தீர்க்க வேண்டும் என்று விதி வைத்தார் மார்ஷா. 'நாம எல்லாருமே தப்பு பண்றவங்கதான்' என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். வைத்தியருக்கே வைத்தியம்!

அடுத்து, பைபோலார் வந்த பிள்ளைகள். சில நாள் தூக்கமே இல்லாமல் ஆகாயத்தில் பறப்பார்கள். பிறகு, படுக்கையை விட்டு எழவே முடியாது. தற்கொலை அபாயமும் அதிகம். லித்தியம் போன்ற மருந்துகள் அவசியம்தான். எல்லோருக்கும் அது மட்டுமே போதவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் டினா கோல்ட்ஸ்டீன், டி.பி.டி-யை இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். அப்பா, அம்மாவுக்கும் சேர்த்தே பாடம். 2007-ல் அவர் முடிவு வெளியிட்டது வெறும் 10 பேரை வைத்து.

இங்கே தெரபிஸ்டுக்குக் கூடுதல் பரீட்சை. கதவை அறைந்து சாத்துகிறான் பையன். அது நோயா, இல்லை 16 வயசா? நோய் என்றால் மருந்தைக் கவனிக்க வேண்டும். வயசு என்றால் விட்டுப்பிடிக்க வேண்டும். மாற்றிப் புரிந்துகொண்டால் வம்பு! புத்தகத்தைப் புரட்டினால் மட்டும் இது கைவராது. 2023-ல் 100 பிள்ளைகளின் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட இதில் தற்கொலை முயற்சிகள் குறைந்திருந்தன.

மார்ஷா? தன் கதையை 2011-ல்தான் ஊரறியச் சொன்னார், அதே மருத்துவமனையில்! பழைய தனியறையையும் எட்டிப் பார்த்தார். அது சின்ன ஆபீஸ் ரூமாக மாறியிருந்தது. ஜன்னலை மாற்றிவிட்டார்கள். உள்ளே நல்ல வெளிச்சம்.