நிழலை எண்ணாக்கிய கருவி

வட்டமான நாணயம் ஒன்றையும் ரப்பர்ப் பந்து ஒன்றையும் விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். சுவரில் விழும் இரு நிழல்களும் வட்டமே. நிழலை மட்டும் கண்டு எது நாணயம், எது பந்து என்று உங்களால் கூற இயலாது. 1895-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மன் அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தபின், முக்கால் நூற்றாண்டுக் காலம் மருத்துவர்கள் பட்ட இடர்ப்பாடும் இத்தகையதே.

மார்பின் எக்ஸ் கதிர்ப் படத்தில் விலா எலும்பு, இதயம், இரத்தக் குழாய்கள் ஆகியவற்றின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. இவற்றிடையே நுரையீரலில் மொச்சை அளவு வெண்புள்ளி ஒன்று தெரிவதாகக் கொள்வோம். அது என்றோ ஆறிப்போன காசநோயின் தழும்பா? முளைவிடும் புற்றுநோயா? தழும்பானால் மார்பை அறுப்பது வீண். புற்றானால் சும்மா இருப்பது உயிருக்கே கேடு.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மக் 1963, 1964-ஆம் ஆண்டுகளில் ஒரு வழி காட்டினார். உடலினூடே பல திசைகளிலும் கதிரைச் செலுத்தி, அது எவ்வளவு குறைகிறது என அளந்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்று கணக்கிட்டுவிடலாம். இதே எண்ணத்தைத் தனியே அடைந்த இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியையே உருவாக்கினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை அக்கருவியால் படமாக்கப்பட்டது. 1979-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதுவே சி.டி. ஸ்கேன்.

இங்கே நிழல் எண்ணாகிவிட்டது. ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் நீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்கு ஏறத்தாழ -100, எலும்புக்குப் பல நூறு. ஆறிய தழும்பில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து படியும். ஆகவே அதன் எண் உயர்ந்திருக்க வேண்டுமல்லவா? 1980-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டான்லி சீகல்மனும் அவர் குழுவினரும் 91 முடிச்சுகளை அளந்தனர். 164-க்கு மேற்பட்டவை தீங்கற்றவை என்று கண்டனர். ஆனால் அதற்குக் கீழே புற்றும் இருந்தது, தீங்கற்றவையும் இருந்தன. மேலும், ஒரு கருவி தந்த எண்ணை மற்றொரு கருவி அப்படியே தரவில்லை. எண் மட்டும் போதவில்லை.

அடுத்த பாடத்தை நியூயார்க்கில் கிளாடியா ஹென்ஷ்கே குழுவினர் கற்பித்தனர். புகைபிடிக்கும் பழக்கமுடைய 1000 பேரைச் சோதித்து 1999-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, எக்ஸ் கதிர்ப் படம் 7 பேரிடமே புற்றைக் காட்டியது, சி.டி. 27 பேரிடம் காட்டியது. 2002-இல் அவர்கள் முடிச்சுகளைத் தோற்றத்தால் மூவகையாகப் பிரித்தனர். முழுத் திண்மமானவற்றில் 7 விழுக்காடு புற்று. தேய்த்த கண்ணாடிபோல் மங்கலாக, பின்னுள்ள இரத்தக் குழாய்கள் தெரியும்படி இருந்தவற்றில் 18 விழுக்காடு. மங்கலின் நடுவே திண்மப் பகுதியும் கொண்டவற்றிலோ 63 விழுக்காடு! அழுத்தமாகத் தெரிவதே ஆபத்தானது என்று நாம் எண்ணுவோம். உண்மை வேறாக இருந்தது. சிலவகைப் புற்றணுக்கள் தொடக்கத்தில் காற்றறைகளின் சுவர்களை ஒட்டியே பரவுகின்றன. உள்ளே காற்று எஞ்சியிருப்பதால் படம் மங்கலாகிறது.

எனினும் மங்கலான புள்ளி சாதாரண அழற்சியாகவும் இருக்கலாம். அழற்சி சில வாரங்களில் மறையும், புற்று மறையாது. ஆகவே காலமும் ஓர் அளவுகோலாயிற்று. இங்கே ஒரு சிறு கணக்கு. 2-இன் கனமூலம் 1.26. 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள முடிச்சு 6.3 மில்லிமீட்டர் ஆனாலே அதன் கன அளவு இரு மடங்காகிவிடும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வேறுபாட்டைக் கணிப்பொறி அளந்து சொல்கிறது.

2011-இல் அமெரிக்காவில் 53,454 பேரிடம் நடந்த பெரும் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. குறைந்த கதிரளவுச் சி.டி. சோதனை, எக்ஸ் கதிர்ப் படச் சோதனையைவிட நுரையீரல் புற்றுநோய் மரணங்களை 20 விழுக்காடு குறைத்தது. ஆனால் சந்தேகத்துக்குரியவை எனக் காட்டியவற்றுள் 96 விழுக்காட்டுக்கு மேல் புற்றல்ல! ஆதலின், சிறு புள்ளி ஒன்றைக் கண்ட மருத்துவர், "மூன்று மாதம் கழித்து மீண்டும் படம் எடுப்போம்" என்றால், அதை அலட்சியம் என எண்ணிவிடாதீர்கள். எண்ணும் தோற்றமும் சொல்லாத விடையைக் காலத்திடம் கேட்கிறார் அவர்.