நோயாளியின் படுக்கையருகே கையேடும் கைபேசியும்: மருத்துவ மாணவர் மனப்பாங்கின் வரலாற்றுப் பின்புலம்

முன்னுரை

மருத்துவமனைப் பயிற்சியில் கைபேசியைப் பயன்படுத்துவது குறித்து மருத்துவ மாணவரிடையே இருவேறு மனப்பாங்குகள் ஒருங்கே காணப்படுகின்றன. மருந்தின் அளவையும் ஆய்வக மதிப்புகளையும் உடனே அறிய உதவுவதால் அவர்கள் அதனை வரவேற்கின்றனர். எனினும், நோயாளியும் மூத்த மருத்துவரும் தம்மைக் கவனமற்றவராகக் கருதக்கூடும் என்று தயங்குகின்றனர். இத்தயக்கத்தின் காரணத்தை மருத்துவக் கையேடுகளின் வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

உடன்வரும் நூல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவக் கையேடுகள் சில ‘வாதே மேக்கும்’ என்னும் இலத்தீன் தொடரால் பெயரிடப்பட்டன. ‘என்னுடன் வா’ என்பது அதன் பொருளாகும். அத்தகைய நூல்கள் இரண்டு தமிழாக்கமும் பெற்றன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் பயிற்றுமொழியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றினார். துரூயிட்டின் அறுவை மருத்துவக் கையேடு ‘இரணவைத்தியம்’ (1867) என்றும், ஹூப்பரின் பொது மருத்துவக் கையேடு ‘வைத்தியாகரம்’ (1872) என்றும் தமிழில் வெளிவந்தன. இதனால் மாணவர் கற்ற மொழியும் நோயாளியிடம் பேசிய மொழியும் ஒன்றாயின.

சட்டைப்பையிலிருந்து திரைக்கு

1890களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர், மாணவர்களை நோயாளர் விடுதிக்கே அழைத்துச் சென்று கற்பித்தார். கற்கும் இடம் படுக்கையருகே அமைந்தபோது, உடன்கொண்டு செல்லும் நூலின் தேவையும் பெருகியது. 1899இல் மெர்க் கையேடு வெளிவந்தது. 1950களில் அதே ஹாப்கின்ஸின் குழந்தை மருத்துவப் பிரிவில் பயிற்சி மருத்துவர்களே தம் தேவைக்கு உருவாக்கிய ஹாரியட் லேன் கையேடு, மேலங்கிப் பைக்குரிய நூலாயிற்று. 1996இல் அறிமுகமான பாம் பைலட் போன்ற கையடக்கக் கருவிகளில் சில ஆண்டுகளிலேயே மருந்துக் குறிப்புகள் இடம்பெற்றன. பின்னர் அப்பணி திறன்பேசிக்கு மாறியது.

வேறுபாடு

கையேடும் கைபேசியும் ஆற்றும் பணி ஒன்றே. ஆயின் நோயாளியின் பார்வையில் அவை ஒன்றல்ல. மாணவர் நூலைப் புரட்டினால் அவர் மருத்துவம் படிக்கிறார் என்பது எதிரிலிருப்பவருக்குத் தெரியும். கைபேசியோ பாடநூலாகவும் உரையாடற் கருவியாகவும் பொழுதுபோக்காகவும் அமைவதால், திரையில் இருப்பது இன்னதென நோயாளி அறிய இயலாது. எனவே மாணவரின் தயக்கத்தைத் தொழில்நுட்ப அச்சமாகக் கொள்வது பொருந்தாது. தம் செயலின் நோக்கம் பிறருக்குப் புலப்படாமையே அதன் காரணம் எனலாம்.

முடிவுரை

தடை விதிப்பதும் கட்டுப்பாடின்றி விடுவதும் இச்சிக்கலைத் தீர்க்கமாட்டா. எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை முன்னரே நோயாளியிடம் கூறுவதும், பார்த்தறிந்ததை அவருடைய மொழியில் விளக்குவதும் பயிற்சியின் கூறுகளாதல் வேண்டும். தமிழகத்தில் மாணவர் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எடுத்துரைக்க வேண்டியுள்ளது. ஆதலின் கிறீனின் மானிப்பாய்ப் பணி இன்றைய மருத்துவக் கல்விக்கும் பொருத்தமுடையதாகிறது.