குடிமக்கள் அல்லாதோருக்கு அரசின் நலத்திட்ட உதவிகள்: இந்தியாவில் நடைமுறை என்ன?

பிற நாடுகளிலிருந்து வந்து இந்தியாவில் வசிப்போருக்கு ரேஷன், கல்வி, வேலைவாய்ப்பு உள்ளிட்ட அரசின் உதவிகள் வழங்கப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே சட்டத்தில் விடை இல்லை. அகதிகள் தொடர்பான 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் நாட்டில் இல்லை.

அரசியலமைப்புச் சட்டம்

சட்டத்தின் முன் சமத்துவத்தை வழங்கும் 14-ஆவது பிரிவும், உயிரையும் தனிநபர் சுதந்திரத்தையும் பாதுகாக்கும் 21-ஆவது பிரிவும் குடிமக்கள் அல்லாதோருக்கும் பொருந்தும். அருணாசல பிரதேசத்தில் வசித்த சக்மா அகதிகள் தொடர்பான வழக்கில், அவர்களது உயிருக்கும் பாதுகாப்பு அளிப்பது மாநில அரசின் கடமை என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், முதுமை, நோய், வேலையின்மை ஆகிய நிலைகளில் அரசு உதவி பெறுவது குறித்த 41-ஆவது பிரிவு வழிகாட்டு நெறி மட்டுமே. அதனை நீதிமன்றம் மூலம் உரிமையாகக் கோர இயலாது.

பிரிவினருக்கு ஏற்ப வேறுபாடு

1959 முதல் இந்தியாவில் தஞ்சமடைந்த திபெத்தியர்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டம், பொது விநியோகத் திட்டம் உள்ளிட்டவற்றின் பயன்களை வழங்குமாறு மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கை மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழகத்தில் மறுவாழ்வு முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு மாத உதவித்தொகையும் அரிசியும் வழங்கப்படுகின்றன. குடும்பத் தலைவருக்கான உதவித்தொகை ரூ.1,500-ஆக உயர்த்தப்படும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது.

ரோஹிங்கியாக்களுக்கு இத்தகைய கொள்கை எதுவும் இல்லை. சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்பதே அவர்கள் குறித்த மத்திய அரசின் நிலைப்பாடு. எனினும், அவர்களது குழந்தைகள் அரசுப் பள்ளிகளை அணுகலாம் என்றும், சேர்க்கை மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. 6 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கல்வி உரிமை குறித்த 21-ஏ பிரிவிலும் குடிமக்கள் என்ற வரையறை இடம்பெறவில்லை.

எதிரெதிர் வாதங்கள்

வரி வருவாய் முதலில் நாட்டின் ஏழைக் குடிமக்களுக்கே செலவிடப்பட வேண்டும், உதவிகள் சட்டவிரோதக் குடியேற்றத்தை ஊக்குவிக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். குடியேறியோரும் உழைக்கின்றனர், மறைமுக வரி செலுத்துகின்றனர்; உணவும் மருத்துவமும் இன்றி உயிர் வாழும் உரிமைக்குப் பொருளில்லை என்கின்றனர் ஆதரவாளர்கள்.

இப்போதைய உதவிகளில் பெரும்பாலானவை அரசின் கொள்கை முடிவுகளையும் நிர்வாக உத்தரவுகளையும் சார்ந்தவை. சட்டப் பாதுகாப்பு இல்லாத நிலையில், ஓர் உத்தரவால் கிடைத்த உதவியை மற்றோர் உத்தரவால் நிறுத்தவும் இயலும்.