ஜிடாய் மட்சுரி

ஜிடாய் மட்சுரி (காலகட்டங்களின் திருவிழா) என்பது ஜப்பானின் கியோட்டோ நகரில் ஆண்டுதோறும் அக்டோபர் 22 அன்று நடைபெறும் வரலாற்று ஊர்வலம் ஆகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் தலைநகராக விளங்கிய கியோட்டோவின் பிறந்தநாள் விழா இது. மே மாத அவோய், ஜூலை மாத கியோன் ஆகியவற்றுடன் நகரின் மூன்று பெருவிழாக்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அவை இரண்டும் பழமையானவை. இது 1895இல் தொடங்கியது.

பின்னணி

பேரரசர் கன்மு 794இல் அப்போதைய தலைநகரான நாகவோகாவை விட்டு ஹெயான்கியோ என்னும் புதிய நகரில் குடியேறினார். பழைய சந்திர நாட்காட்டிப்படி அது பத்தாம் மாதத்தின் 22ஆம் நாள். சீனாவின் சாங்ஆனை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்ட அந்நகரே பின்னாளைய கியோட்டோ. காமகுராவிலும் எடோவிலும் இருந்த ஷோகன்கள் (படைத்தலைவர்கள்) ஆட்சியைக் கையில் வைத்திருந்த காலத்திலும் பேரரசரின் இருப்பிடம் இதுவாகவே நீடித்தது. 1868இல் எடோ, டோக்கியோ எனப் பெயர் மாற்றப்பட்டது; அடுத்த ஆண்டு பேரரசர் மெய்ஜி அங்கே நிலையாகத் தங்கினார். தலைநகர் மாற்றத்துக்கென முறையான அரசாணை ஏதும் பிறப்பிக்கப்படவில்லை.

அரசவையோடு பிரபுக்களும் வணிகர்களும் வெளியேற, நகரம் தளர்ந்தது. அதை மீட்கும் முயற்சியாக 1890இல் பீவா ஏரிக் கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. அதன் நீரில் கேயாகே நீர்மின் நிலையம் இயங்கியது. 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் இங்கே ஓடியது. அதே ஆண்டு, நகரின் 1100ஆம் ஆண்டு நிறைவையொட்டித் தேசியத் தொழிற்கண்காட்சி நடந்தது. ஹெயான்கியோ அரண்மனை மண்டபத்தை எட்டில் ஐந்து பங்கு அளவில் ஒத்த ஹெயான் ஆலயமும் எழுப்பப்பட்டது. ஜிடாய் மட்சுரி இவ்வாலயத்தின் விழாவாகப் பிறந்தது.

ஊர்வலம்

நண்பகலில் கியோட்டோ அரண்மனையிலிருந்து புறப்படும் ஊர்வலம் ஹெயான் ஆலயத்தில் முடிகிறது. ஏறத்தாழ 2,000 பேர் கலந்துகொள்ளும் அணிவரிசை சுமார் 2 கிலோமீட்டர் நீளும். காலவரிசை பின்னோக்கிச் செல்வது இதன் தனித்தன்மை. மெய்ஜி காலப் படையினரின் குழலும் முரசும் முன்செல்ல, எடோ, முரோமாச்சி, காமகுரா எனப் பின்னேகி, கன்முவின் காலத்தை அடைகிறது. ஒடா நொபுனாகா, வீராங்கனை தொமோயே கோசென், எழுத்தாளர் முராசாகி ஷிகிபு போன்றோரின் வேடங்களில் நகரத்தாரே நடக்கின்றனர். கன்மு, கோமெய் பேரரசர்களின் ஆன்மாக்கள் பல்லக்குகளில் எழுந்தருள்கின்றன. கியோட்டோவில் வாழ்ந்து மறைந்த கடைசிப் பேரரசரான கோமெய் 1940இல் ஆலயத்தில் தெய்வமாகச் சேர்க்கப்பட்டார்.

மாற்றங்கள்

தொடக்கத்தில் சிறியதாக இருந்த ஊர்வலத்தில் காலப்போக்கில் புதிய அணிகள் சேர்ந்தன. பெண்கள் அணி இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. முரோமாச்சி கால ஷோகன்களான, பேரரசர் கோதைகோவை எதிர்த்த அஷிகாகா மரபினர் துரோகிகளாகக் கருதப்பட்டதால், முரோமாச்சி கால அணி 2007இல்தான் இடம்பெற்றது. மழை பெய்தால் விழா மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்படும். 2019இல் பேரரசர் நருஹிதோ அரியணையேறியதை அறிவிக்கும் சடங்கு டோக்கியோவில் அக்டோபர் 22 அன்று நடந்ததால், விழா 26ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. அச்சடங்குக்கான தகாமிகுரா அரியணை கியோட்டோ அரண்மனையில் பாதுகாக்கப்படுவது. அங்கிருந்தே டோக்கியோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.