சந்திரசேகர் கண்ட அறிவின் செருக்கு

கற்றோர்க்கும் செருக்கு வரக்கூடும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். தண்ணீர்மலையில் எழுந்தருளியுள்ள முருகப்பெருமான், மாடு மேய்க்கும் சிறுவனாய் வந்து நாவற்பழத்தால் ஔவையைத் தெளிவித்த கதை அதனையே உணர்த்துகின்றது. விஞ்ஞான உலகில் இவ்வுண்மையைத் தம் வாழ்விலேயே கண்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சர் சி. வி. இராமனின் தமையனார் புதல்வரான இவர், 1910ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தார். அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய அறிவுடையார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், 1930 ஜூலை இறுதியில், 19ஆம் வயதில், கேம்பிரிட்ஜ் செல்லப் பம்பாயில் கப்பலேறினார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் யாவும் சுருங்கி, வெண்குறுமீன்களாய் அடங்கிவிடும் என்பது அக்காலக் கொள்கை. எலெக்ட்ரான்களின் அழுத்தமே அவற்றைத் தாங்குவது. சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணித்தால், அத்தாங்கும் வலிமைக்கு ஓர் எல்லை உண்டென்பதைச் சந்திரசேகர் கப்பலிலேயே கண்டார். அவ்வெல்லை சூரியனின் பொருண்மையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதனை மிஞ்சியது வெண்குறுமீனாய் அடங்காது, மேலும் சுருங்கும்.

1935 ஜனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியற் கழகத்தில் இதனை விளக்கினார். அடுத்துப் பேசியவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்து ஐன்ஸ்டீன் கொள்கைக்குச் சான்று தந்த பேரறிஞர். அவரே, இத்தகைய விபரீதத்திற்கு இயற்கை இடந்தராது என்று எள்ளினார், அவையும் நகைத்தது. இளைஞர் கூறியதே சரியெனத் தனிமுறையில் ஒப்பிய அறிஞர் சிலரும் வெளிப்படையாக வாதிட முன்வரவில்லை.

ஆயினும் சந்திரசேகர் பகை பாராட்டினாரில்லை. 1939இல் தம் ஆராய்ச்சியை நூலாக்கிவிட்டு வேறு துறைக்குச் சென்றார். 1944இல் எடிங்டன் மறைந்தபோது அவர் பெருமையை எழுதினார்; 1982இல் கேம்பிரிட்ஜில் அவர் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளை ஆற்றியவரும் இவரே. மறு ஆண்டு நோபெல் பரிசு வந்தது.

1975இல் சிக்காகோவில் ஆற்றிய சொற்பொழிவொன்றில் ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் ஆகிய மூவரையும் ஒப்பிட்டார். கலைஞர் இறுதிவரை வளர, விஞ்ஞானியர் பலர் இடையிலேயே தேங்கிவிடுவது ஏன் என்பது அவர் வினா. பேருண்மையொன்றைக் கண்டவர், இயற்கையை நோக்கும் தம் முறையே சரியானது எனக் கருதிவிடுகின்றனர். இயற்கையின் உண்மைகளோ எத்துணைப் பெரிய அறிவையும் கடந்து நிற்பவை என்பது பின்னாளில் அவர் கூறிய விடை. எடிங்டனையே அதற்கு எடுத்துக்காட்டினார். எனினும் அவர் பெருமையைக் குறைத்தாரில்லை. தாமும் ஒரே துறையில் தங்கிவிடாது, பத்தாண்டுக்கொருமுறை போலப் புதுத்துறையொன்றில் மாணவராய்ப் புகுந்தார். 1995இல் மறையும்வரை கற்றார்.

நெடுங்காலம் கற்பிப்போர்க்கும் இவ்வாபத்து உண்டு. மாணவனொருவன் புத்தகத்தில் இல்லாத விடையைக் கூறுமிடத்து, நகைத்துவிடுவது எளிது. அவன் கணக்கை வரிவரியாய்ச் சோதிப்பதே கடினம். 1935இல் அவ்வறிஞர் அவை செய்யத் தவறியதும் அதுவே.