தீசிஸுக்கு மறுநாள்: சென்னையில் சிறப்பு மருத்துவமும் ஆய்வு வாழ்வும்

நம் மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி., எம்.எஸ். படிப்பவர் ஆய்வேடு எழுதாமல் பட்டம் வாங்க முடியாது. மாணவர் பேச்சில் அது ‘தீசிஸ்’: டூட்டிக்கும் தேர்வுக்கும் நடுவே எப்படியாவது முடித்து, பைண்டு செய்து கொடுத்துவிட வேண்டிய ஒன்று. சிறப்பு மருத்துவத்தையும் ஆய்வையும் ஒருவரே மேற்கொள்ள வழி தேடுகிறவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. அமெரிக்காவில் 1964 முதல் அரசு நிதியோடு நடக்கும் எம்.டி.–பிஎச்.டி. கூட்டுப் படிப்பைச் சுட்டுகிறார்கள். ஆனால் அங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகரான அடிப்படைப் பட்டம். சிறப்புப் பயிற்சி அதற்குப் பின்னால்தான் வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் பிரச்சினையும் ஒன்று என்று கொள்கிறோம். இங்கே சிறப்பு மருத்துவமும் ஆய்வும் தீசிஸிலேயே கூடிவிடுகின்றன என்பதும், அவை பிரிவது அதற்கு மறுநாள்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இதற்குச் சென்னையிலேயே பெரிய சான்று உண்டு. 1980களின் நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸ் கிருமியைத் தேடுவதையே தீசிஸாக எடுக்கச் சொன்னார். இந்தியாவில் அந்நோய் இல்லை என்று பலரும் நம்பிய காலம். நிர்மலா, பாலியல் தொழில் வழக்கில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் உள்ளிட்டோரிடம் இரத்தம் சேகரித்தார். பிரித்தெடுத்த சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். எய்ட்ஸுக்கான எலிசா சோதனைக்குச் சென்னையில் வசதி இல்லாததால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனார். 1986இல் ஆறு மாதிரிகள், கிருமித்தொற்றின் அடையாளமாக, மஞ்சளாயின. அமெரிக்காவில் நடந்த வெஸ்டர்ன் பிளாட் சோதனை அதை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது ஒரு எம்.டி. மாணவியின் தீசிஸால். (அந்தப் பெண்களிடம் எதற்காக இரத்தம் எடுக்கிறோம் என்று அன்று விளக்கவில்லை. இன்றைய நெறிக்குழு அந்தச் சேகரிப்பை அப்படியே அனுமதித்திராது; அனுமதிக்கவும் கூடாது.)

இது எப்படிக் கைகூடியது? நிதியால் அல்ல, கருவியாலும் அல்ல. பணியில் இருந்துகொண்டே வெளிநாட்டு இதழ்களைப் படித்துக் கேள்வி கேட்கும் நெறியாளர் இருந்தார். வேலூரில் ஆய்வகத்தைத் திறந்துவிட்ட ஜேக்கப் ஜான், குழந்தை மருத்துவராகப் பயின்று வைரஸ் ஆய்வுக்குள் போனவர். சிறப்பு மருத்துவமும் ஆய்வும் ஒருவரிடமே கூடுவதற்கு அவரே உதாரணம். கல்லூரியோடு இணைந்த அரசுப் பொது மருத்துவமனையின் நோயாளிகளோ நாட்டின் நோய்களையெல்லாம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு மாணவியின் படிப்புக் காலத்துக்குள் இவை ஒன்றுசேர்ந்தன.

1987இல் தீசிஸைக் கொடுத்துத் தேர்வில் வென்ற நிர்மலா, கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசி உற்பத்திப் பணியில் சேர்ந்து 2010இல் ஓய்வு பெற்றார். அதுவும் மதிப்புள்ள பணிதான். ஆனால் கண்டுபிடித்த கேள்வியைத் தொடர்வதற்கென்று ஒரு பணியிடம் எந்த அரசாணையிலும் இருக்கவில்லை. கேள்வியைத் தொடர்ந்தவர் நெறியாளர். அதற்கு அவரே ஓர் அமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது: 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர்.

ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து திரு.வி.க. பாலம் வழியாக அடையாற்றைக் கடந்தால், தரமணியில் அந்த அமைப்பு இயங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்துக்கு முன்னதாகவே அடையாறு புற்றுநோய் நிலையம் வந்துவிடும். அங்கும் கதை இப்படித்தான். மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் எம்.டி. படித்த வி. சாந்தா, 1955இல் அரசுப் பணி கிடைத்தும் அதை விட்டு, முந்தைய ஆண்டு 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனைக்குப் போனார். அரசு ஏணியிலிருந்து விலகியவர்களால்தான் மருத்துவத்தையும் ஆய்வையும் சேர்த்துச் செய்ய முடிந்திருக்கிறது. இதைத் தியாகக் கதையாகச் சொல்லிச் சொல்லி, ஏணியின் குறையை நாம் கேட்காமலே விட்டுவிட்டோம்.

சாந்தாவின் நிலையம் இன்னொன்றும் செய்தது. அதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. 1982இல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு அங்கே தொடங்கியது. நோயாளியின் கோப்பு அதன்மூலம் ஆய்வுத் தரவும் ஆயிற்று. 1984இல் புற்றுநோய் மருத்துவத்தில் டி.எம்., அறுவையில் எம்.சிஎச். என்னும் உயர்சிறப்புப் படிப்புகள் நாட்டிலேயே முதன்முறையாக அங்கே தொடங்கின. பயிற்சி நடக்கும் இடத்துக்கு ஆய்வை இழுத்து வருவதே வழக்கமான யோசனை. இங்கே ஆய்வு நடந்த இடத்துக்குப் பயிற்சி வந்தது.

இப்போதைய சீர்திருத்தங்கள் பயிற்சியின் பக்கமே நிற்கின்றன. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழி நடத்தும் ஆய்வு முறையியல் பாடம் முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயம். நல்ல பாடம், ஆனால் நேரத்தை எந்தப் பாடமும் தருவதில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதியோ கட்டுரைகளைப் பெருக்கும், கேள்விகளைப் பெருக்காது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று: பதினொன்றரை ஆண்டுக்குப் பின் பிஎச்.டி.யும் செய் என்பது, குடும்பப் பொறுப்பு ஏறும் வயதில் மீண்டும் மாணவ உதவித்தொகைக்குத் திரும்பச் சொல்வது.

பட்டத்தை விடப் பணியிடமே தேவை. தீசிஸில் உருப்படியான கேள்வியைத் தொட்ட ஒருவருக்கு, உதவிப் பேராசிரியராக அதே துறையில், வாரத்தில் இரண்டு நாள் ஓ.பி.யும் டூட்டியும் இல்லாமல், ஐந்தாண்டு. அந்த இரண்டு நாளும் வரிசையில் நிற்கும் நோயாளிகளை யார் பார்ப்பது என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கேட்பார். கேள்வி நியாயமானது. இன்னொரு மருத்துவரை நியமிக்க வேண்டும்; அந்தச் சம்பளத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் இந்த விவாதம் எப்போதும் வந்து நிற்கிறது.